பேனர் சாகா 3

பேனர் சாகா 3 என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரைச் சேர்ந்த ஸ்டோயிக் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு ஆகும். இது 2018 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் வெளியானது. மூன்று பாகங்கள் கொண்ட பேனர் சாகா தொடரின் இறுதிப் பாகமான இது, இரு அணிகளும் மாறி மாறிக் காய் நகர்த்தும் முறைவழி வியூக விளையாட்டு வகையைச் சேர்ந்தது. இதன் ஆக்கச் செலவில் ஒரு பகுதி, 2017 இல் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தின் வழியாக 8,086 பேரிடமிருந்து முன்கூட்டியே திரட்டப்பட்டது. திரண்ட தொகை 416,986 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.8 கோடி ரூபாய்.

தொடரின் முதற்பாகமும் இவ்வாறு பலரிடம் திரட்டிய நிதியால் உருவானதே. இரண்டாம் பாகம் அவ்வாறு உருவானதன்று. நல்ல பெயர் பெற்ற ஒரு தொடர், இரண்டு பாகங்களை விற்ற பிறகும் மூன்றாவதற்காக மீண்டும் மக்களிடம் வர நேர்ந்ததால், திரள்நிதி பற்றிப் பேசுவோர் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தகும்.

திரள்நிதி

ஒரு படைப்பு உருவாகும் முன்பே, அதனை விரும்பும் பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம் பெறுவது திரள்நிதி எனப்படும். 2009 இல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் இம்முறையைப் பரவலாக்கியது. திட்டம் தொடங்குபவர் ஓர் இலக்குத் தொகையையும் இறுதி நாளையும் அறிவிப்பார். அந்நாளுக்குள் இலக்கு எட்டப்பட்டால் மட்டுமே நிதியளித்தவர்களிடம் பணம் பெறப்படும். எட்டாவிடில் எவரிடமும் ஒரு காசும் எடுக்கப்படாது. தளம் 5 விழுக்காட்டைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் தனி. நிதியளிப்பவர் பங்குதாரர் ஆவதில்லை. அவருக்குக் கிடைப்பது விளையாட்டின் ஒரு படியும், தொகைக்கேற்ற சில நினைவுப் பொருட்களுமே. இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. 19 ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்கள் பல, வாங்க விரும்புவோரிடம் முன்னதாகவே கையொப்பமும் பணமும் பெற்று அச்சிடப்பட்டன. உ. வே. சாமிநாதையர் 1887 இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்புக்கும் கையொப்பக்காரர்கள் துணை நின்றனர். சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயரிலான நூலகத்துக்குச் செல்வோர், அப்பதிப்புகளின் பின்னே ஒரு புலவர் மட்டுமன்றி முன்பணம் தந்த பலரும் இருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். வேறுபாடு யாதெனில், அங்கு கேட்டவரும் கொடுத்தவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அல்லது அறிந்தவரை அறிந்தவர்கள். இணையத்தில் அந்த அறிமுகம் தேவைப்படுவதில்லை.

தொடரின் தொடக்கம்

ஸ்டோயிக் நிறுவனத்தை 2011 இல் தொடங்கியவர்கள் அலெக்ஸ் தாமஸ், ஆர்னி யோர்கென்சன், ஜான் வாட்சன் ஆகிய மூவர். மூவரும் பயோவேர் என்னும் பெரிய நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். 2012 மார்ச் மாதத்தில் இவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் 100,000 டாலர் கேட்டனர். ஏப்ரலில் காலம் முடிந்தபோது 20,042 பேர் 723,886 டாலர் தந்திருந்தனர். அதே ஆண்டு டபுள் ஃபைன் நிறுவனம் 33 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டியிருந்ததால், விளையாட்டுத் துறையில் பலருடைய கவனமும் இத்தளத்தின் மீது திரும்பியிருந்த காலம் அது.

எதிர்பாராது வந்த பணம் திட்டத்தையும் பெரிதாக்கியது. இசைக்கு ஆஸ்டின் வின்டோரி அமர்த்தப்பட்டார். கையால் வரைந்த அசைபடங்கள் கூடின. விளையாட்டு, முதலில் சொன்ன காலத்தைத் தாண்டி, 2014 ஜனவரி 14 அன்றுதான் வெளிவந்தது. இடையில் 2013 இல் ஃபேக்‌ஷன்ஸ் என்னும் பலர் கூடி ஆடும் இலவசப் பதிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. தாங்கள் பணம் தந்தது கதைக்காகவே எனச் சிலர் குறைபட்டனர்.

விளையாடும் முறை

கட்டங்களிட்ட களத்தில் இரு அணிகள் மோதுகின்றன. ஒவ்வொரு வீரருக்கும் வலிமை, கவசம் என இரு எண்கள் உண்டு. வலிமை என்பதே உயிரும், தாக்கும் ஆற்றலும் ஆகும். வலிமை 12 உள்ள ஒருவர், கவசம் 8 உள்ளவரைத் தாக்கினால் எஞ்சும் 4 அவருடைய வலிமையிலிருந்து கழியும். அடிபட்டவர் அதற்குப் பிறகு தாக்கும்போது அவருடைய அடியும் அந்த 4 அளவு குறைந்தே விழும். கவசத்தை முதலில் உடைப்பதா, நேரே வலிமையைக் குறைப்பதா என்பது ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி.

இதனினும் முக்கியமானது முறை மாறும் விதி. சதுரங்கத்தில் போலவே இரு தரப்பும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆடுகின்றன. ஓர் அணியில் மூவரும் மற்றொன்றில் அறுவரும் இருந்தாலும் இவ்வரிசை மாறாது. ஆதலால் ஆறு பேர் கொண்ட அணியில் ஒருவருக்கு அடுத்த வாய்ப்பு வரத் தாமதமாகும். மூவர் அணியில் விரைவாக வரும். எதிரியை முற்றாகக் கொன்றால், எஞ்சிய வலிய எதிரிகளுக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைக்கும். அடிபட்டு வலுவிழந்த எதிரியை உயிரோடு விட்டால் அவன் தன் அணியின் முறைகளை வீணாக்குவான். ஆடுபுலி ஆட்டத்தில் புலியைக் கொல்ல இயலாது, அடைக்கத்தான் இயலும். அவ்வாட்டத்தில் பழகியவருக்கு இந்த விதி எளிதில் விளங்கும். மற்றவர்கள் முதல் சில போர்களில் தோற்றே கற்கின்றனர். எதிர் அணியில் ஒருவர் மட்டும் எஞ்சும்போது இவ்விதி நீங்கிவிடும்.

போர்களுக்கு இடையே மக்கள் கூட்டம் ஒன்றைப் பனி நிலத்தின் வழியே நடத்திச் செல்ல வேண்டும். வெற்றியால் கிடைக்கும் புகழ்ப் புள்ளிகளே நாணயம். அதே புள்ளிகளைக் கொண்டு உணவும் வாங்கலாம், வீரரின் தரத்தையும் உயர்த்தலாம். வீரரை உயர்த்தினால் மக்கள் பசியால் மடிவர்.

(எச்சரிக்கை: கீழே கதை முடிவு பற்றிய செய்தி உள்ளது.) முதற்பாகத்தின் இறுதியில், வெள்ளி அம்பை எய்வது தந்தை ரூக்கா, மகள் அலெட்டா என்பதை ஆடுபவர் முடிவு செய்கிறார். எய்பவர் இறப்பார். எஞ்சியவரே அடுத்த பாகங்களில் மக்களின் தலைவர். இம்முடிவும், இறந்தவர் இருப்பவர் பட்டியலும் சேமிப்புக் கோப்பின் வழியே இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன.

மென்பொருள் நோக்கில் இது செலவு மிகுந்த ஏற்பாடு. ஆம், இல்லை என்ற பத்துத் தெரிவுகள் மட்டுமே இருந்தாலும் 1,024 நிலைகள் உருவாகும். அவ்வளவுக்கும் தனித்தனிக் கதை எழுதுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் இறந்திருக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும், அவர் உயிரோடிருந்தால் பேச வேண்டிய உரையாடலும் படங்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இச்சுமை பாகத்துக்குப் பாகம் கூடுகிறது. வாங்குவோர் தொகையோ குறைகிறது, ஏனெனில் கதையின் நடுவில் புதிதாக நுழைய எவரும் தயங்குவர்.

பெயர் பற்றிய தகராறு

'சாகா' என்பது வட ஐரோப்பிய வீரக்கதை மரபைக் குறிக்கும் பழஞ்சொல். கேண்டி கிரஷ் சாகா என்னும் கைப்பேசி விளையாட்டை வெளியிட்ட கிங் நிறுவனம், ஸ்டோயிக் தன் விளையாட்டின் பெயரை வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்ததை எதிர்த்து அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகத்தில் மனு அளித்தது. 2014 ஜனவரியில் இச்செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த பாகத்தை அதே பெயரில் வெளியிட இயலுமா என்ற ஐயம் எழுந்தது. தொடர்கதைக்குப் பெயர் மாறுவது சிறிய இழப்பன்று. அதே ஆண்டு ஏப்ரலில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன.

இரண்டாம் பாகம்

பேனர் சாகா 2, 2016 ஏப்ரல் 19 அன்று வெளியானது. இதற்குத் திரள்நிதி கேட்கப்படவில்லை. முதற்பாகம் ஈட்டிய பணமே முதலாயிற்று. திறனாய்வாளர்கள் பாராட்டினர். ஆனால் முதற்பாகத்தின் அளவுக்கு விற்பனை ஆகவில்லை என்பதை ஸ்டோயிக் நிறுவனத்தினரே ஒப்புக்கொண்டனர். நிதிதிரட்டல் இல்லாததால் விளம்பரமும் குறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று. 2012 இல் பணம் தந்த இருபதாயிரம் பேரும் பணத்தோடு நில்லாமல், நண்பர்களிடம் சொல்லியும் குறைகூறியும் ஓராண்டுக்கு மேல் விளையாட்டின் பெயரைப் பேச்சில் வைத்திருந்தனர். இரண்டாம் பாகத்துக்கு அப்படி ஒரு கூட்டம் முன்கூட்டியே திரளவில்லை.

2017 நிதிதிரட்டல்

2017 ஜனவரி 24 அன்று மூன்றாம் பாகத்துக்கான திட்டம் கிக்ஸ்டார்ட்டரில் தொடங்கியது. இலக்கு 200,000 டாலர். மார்ச் 7 அன்று முடிந்தபோது இலக்கைப் போல் இருமடங்குக்கு மேல் திரண்டிருந்தது.

எண்களை ஒப்பிட்டால் ஒரு செய்தி புலனாகும். நிதியளித்தோர் எண்ணிக்கை 20,042 இலிருந்து 8,086 ஆக, அதாவது 40 விழுக்காடாகக் குறைந்தது. தொகையோ 58 விழுக்காடாக மட்டுமே குறைந்தது. தலைக்குச் சராசரியாக 2012 இல் 36 டாலரும் 2017 இல் 52 டாலரும் வந்தன. கூட்டம் சிறுத்தது; எஞ்சியவர்கள் கூடுதலாகக் கொடுத்தனர்.

எல்லாத் தொடர்களுக்கும் இவ்வாறு நிகழ்வதில்லை. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த ஹேர்பிரெயின்டு ஸ்கீம்ஸ் நிறுவனத்தின் ஷேடோரன் தொடரும் முறைவழி வியூக ஆட்டமே. அதன் ஷேடோரன் ரிட்டர்ன்ஸ் 2012 இல் 36,276 பேரிடம் 1,836,447 டாலரும், பின்னர் வந்த ஷேடோரன் ஹாங்காங் 2015 இல் 31,497 பேரிடம் 1,204,726 டாலரும் பெற்றன. அங்கு தலைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஒவ்வொருவரும் தந்த தொகைதான் குறைந்தது. ஷேடோரனில் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. முந்தையதை ஆடாதவரும் வரலாம். பேனர் சாகாவில் அவ்வாறன்று. முதல் இரு பாகங்களை முடித்தவர்க்கே மூன்றாம் பாகத்தின் மீது ஆவல் இருக்கும், ஆனால் அந்த ஆவல் அழுத்தமானது. இவ்விரு நிறுவனங்களும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவை என்பதால் இதனை விதியாகக் கொள்ள இயலாது. எனினும் கதையமைப்பும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

மூன்றாம் பாகம்

விளையாட்டு 2018 டிசம்பரில் வெளிவரும் என முதலில் குறிக்கப்பட்டிருந்தது. ஜூலையிலேயே வெளிவந்தது, திரள்நிதித் திட்டங்களில் அரிதாகவே நிகழும் ஒன்று. வின்டோஸ், மாக் கணினிகளுடன் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கும் கிடைத்தது.

கதை இரு இழைகளாகச் செல்கிறது. ஒன்றில், ஆர்பராங் நகருக்குள் அடைபட்ட மக்களை ரூக் அல்லது அலெட் காக்க வேண்டும். மற்றொன்றில் ஈவர், ஜூனோ, ஐவிண்ட் ஆகியோர் உலகை விழுங்கும் இருளினூடே செல்கின்றனர். நகரம் தாக்குப்பிடிக்கும் நாட்களே இருளில் செல்வோருக்குக் கிடைக்கும் காலம். போர்களில் அலை அலையாக எதிரிகள் வரும் முறை புதிதாகச் சேர்க்கப்பட்டது: ஓர் அலையை வென்றதும் விலகலாம், அல்லது களைத்தவருக்குப் பதில் வேறு வீரரை இறக்கி அடுத்த அலையை எதிர்கொள்ளலாம். பல பாகங்களாகச் சேர்த்து வைத்த வீரர் அனைவருக்கும் இங்கே வேலை கிடைக்கிறது. முந்தைய பாகங்களை ஆடாதவர்கள் தொடக்கத்தில் ரூக், அலெட் இருவரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அவர்களுக்கு அந்தத் தெரிவு இரண்டு பெயர்களாகவே தோன்றும்.

தொடரை வெளியிட்ட வெர்சஸ் ஈவில் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. ஸ்டோயிக்கின் அடுத்த விளையாட்டான டவர்போர்ன் திரள்நிதியின்றி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வெளியீடாக 2024 இல் முன்னோட்ட நிலையில் வந்தது.

இந்தியாவில்

திட்டம் தொடங்க கிக்ஸ்டார்ட்டர் இடமளிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியாவிலிருந்து நிதியளிக்கலாம், நிதி கேட்பதற்கு அப்பட்டியலில் உள்ள நாடொன்றில் பங்காளரோ நிறுவனமோ வேண்டும். இத்தடையையும் கடந்து சிலர் முயன்றுள்ளனர். பழங்கால இந்தியாவை ஒத்த நகரில் நிகழும் அன்ரெஸ்ட் என்னும் விளையாட்டுக்காக பைரோடாக்டில் என்னும் இந்தியக் குழு 2013 இல் 3,000 டாலர் கேட்டு 36,000 டாலருக்கு மேல் பெற்றது. விளையாட்டு 2014 இல் வெளியானது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், ராஜி என்னும் விளையாட்டுக்காக 2017 இல், அதாவது பேனர் சாகா 3 நிதி திரட்டிய அதே ஆண்டில், கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தது. இலக்கு எட்டப்படாததால், தளத்தின் விதிப்படி உறுதியளிக்கப்பட்ட பணம் எதுவும் கைக்கு வரவில்லை. பின்னர் வெளி முதலீடு கிடைத்து, ராஜி 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்சிலும், அக்டோபரில் பிற இயங்குதளங்களிலும் வெளியானது.