பழைய விலையில்லா லேப்டாப் திணறுதுங்களா? 'விண்டோ மேனேஜரை' மாற்றுவது எப்படி? – முழு விவரம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்க வசதி இல்லாத கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மாணவர்களும் சிறு கடைக்காரர்களும் என்ன செய்யலாம்? லினக்ஸ் ஒரு வழி.

தமிழகத்துக்கு இது புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' சேர்த்தே கொடுத்தாங்க. டெபியனை அடிப்படையாகக் கொண்ட இதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

விண்டோ மேனேஜர் என்றால் என்ன?

திரையில் ஜன்னல்களைத் திறப்பது, நகர்த்துவது, சுருக்குவது, அவற்றுக்குச் சட்டமும் மூடும் பட்டனும் போடுவது எல்லாம் இதன் வேலை. விண்டோஸில் இதை மாற்ற முடியாது. லினக்ஸில் முடியும். 'க்னோம்' போன்ற முழு டெஸ்க்டாப்புக்கு ரேம் நிறைய வேணும். 'ஓபன்பாக்ஸ்', 'ஐ3' போன்றவைக்குக் கொஞ்சம் போதும்.

மாற்றுவது எப்படி?

1. சாஃப்ட்வேர் பட்டியலில் ஓபன்பாக்ஸைத் தேடி நிறுவுங்க. கூடவே 'டின்ட்2' போட்டால் டாஸ்க்பார் கிடைக்கும்.
2. லாக்-அவுட் செய்யுங்க. பாஸ்வேர்டு கேட்கும் திரையில் பல்சக்கரப் படத்தை அழுத்தி ஓபன்பாக்ஸைத் தேர்ந்தெடுங்க.
3. அவ்வளவுதான். அடுத்த முறையும் அதுவே வரும்.

க்னோமை வைத்துக்கொண்டே அதன் விண்டோ மேனேஜரை மட்டும் மாற்ற முடியாது. இரண்டும் பின்னிப் பிணைந்தவை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்புகளில் அப்படி மாற்றலாம்.

திரை காலியா இருக்கே?

பயப்பட வேண்டாம். ஓபன்பாக்ஸ் அப்படித்தான் வரும். மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் மெனு வரும். உங்க ஃபைல் எதுவும் அழியாது. பிடிக்கலைன்னா அதே பல்சக்கரத்தில் பழையதுக்குத் திரும்பிடலாம்.

கவனிக்க வேண்டியது

வைஃபை ஐகான், பேட்டரி அளவு, தமிழ் டைப்பிங்குக்கான 'ஐபஸ்' ஆகியவை தானாக வராமல் போகலாம். ஓபன்பாக்ஸின் 'ஆட்டோஸ்டார்ட்' ஃபைலில் அவற்றையும் டின்ட்2-வையும் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். தமிழ்99-ல் டைப் செய்பவர்கள் இதை முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

வேகம் எவ்வளவு கூடும்?

கம்ப்யூட்டர் திறந்ததும் மிச்சமிருக்கும் ரேம் கூடும். ஆனா பிரவுசரில் 10 டேப் திறந்தால் பழைய கதைதான். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் இன்னும் நல்லாவே தெரியும். செலவே இல்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் பணம் செலவழிப்பதைப் பற்றி முடிவு பண்ணுங்க.