ஒரு பெயரும் நான்கு பேரும்

நம் சங்கீத சபாக்களில் ஒரு நல்ல மரபு உண்டு. கச்சேரி வாய்ப்பாட்டு வித்துவானின் பெயரில் நடைபெற்றாலும், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டு விடுகிறோம். ஊரைவிட்டு வந்து மாதுங்காவிலும் கரோல்பாகிலும் குடியேறிய தமிழர் இம்மரபையும் உடன் கொண்டுவந்தனர். வானொலியும் பக்கவாத்தியக்காரரின் பெயரைச் சொல்லாமல் ஒரு கச்சேரியை முடிப்பதில்லை. இவ்வழக்கத்தின் அருமையை உணர்வதற்கு மேல்நாட்டு இசைத்தட்டு ஒன்றின் வரலாறு நமக்குத் துணை செய்யும். 1980ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான அதன் பெயர் ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’. ஆஸி ஆஸ்போர்ன் என்ற பாடகரின் முதல் தனி இசைத்தட்டு என்று உலகம் அதனை அறியும்.

ஆஸ்போர்ன் 1948ஆம் ஆண்டு ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு, இறைச்சிக் கூடத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தார். மோட்டார் வண்டிகளின் ஒலிப்பான்களுக்குச் சுருதி பார்ப்பதும் அவர் செய்த வேலைகளுள் ஒன்று. 1968இல் அவரும் நண்பர் மூவரும் கூடி அமைத்த குழுவே பின்னர் ‘பிளாக் சப்பாத்’ எனப் பெயர் பெற்றது. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலை யந்திரத்தில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். நெகிழியை உருக்கி விரலுறை செய்துகொண்டு, தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். அவ்வாறு பிறந்த கனத்த நாதம், ‘ஹெவி மெட்டல்’ என்று இன்று வழங்கும் இசைவகைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

புகழ் வந்தது; மதுவும் போதைப் பொருளும் உடன் வந்தன. 1979 ஏப்ரலில் குழுவினர் ஆஸ்போர்னை விலக்கினர். அவருடைய இடத்துக்கு ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். வேலை இழந்த பாடகர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விடுதி அறை ஒன்றில் குடியும் உறக்கமுமாகச் சில மாதங்களைக் கழித்தார். இசைத்தட்டு நிறுவன அதிபர் டான் ஆர்டனின் மகளும் பின்னாளில் அவரை மணந்தவருமான ஷாரன், அவரை மீண்டும் பாட்டுக்குத் திருப்பினார்.

இங்கேதான் மற்ற மூவரும் கதைக்குள் வருகின்றனர். முதலாமவர் ராண்டி ரோட்ஸ், இருபத்து மூன்று வயதுக் கிதார் கலைஞர். அவருடைய தாயார் வட ஹாலிவுட்டில் இசைப்பள்ளி நடத்தியவர். மேல்நாட்டுச் சாஸ்திரிய இசையில் பற்று மிகுந்த அவ்விளைஞர், தம் அன்னைக்காக இயற்றிய ‘டீ’ என்ற சிறு தனிவாசிப்பு இந்தத் தட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒலிக்கிறது. இரண்டாமவர் பாப் டெய்ஸ்லி, ஆஸ்திரேலியாவில் பிறந்த பேஸ் கிதார் கலைஞர். மூன்றாமவர் லீ கெர்ஸ்லேக், ‘யூரியா ஹீப்’ குழுவில் பெயர் பெற்ற டிரம்ஸ் கலைஞர். 1980இன் வசந்த காலத்தில், சர்ரி மாவட்டத்து ரிட்ஜ் ஃபார்ம் ஒலிப்பதிவு நிலையத்தில் இவர்கள் கூடினர். விசைப்பலகை வாசிக்க டான் ஏரியும் வந்து சேர்ந்தார்.

பாட்டுகள் உருவான முறையைக் கவனிப்போம். ரோட்ஸ் கிதாரில் ஓர் அடியைத் தொடங்குவார். ஆஸ்போர்ன் அதன்மேல் ஒரு மெட்டை முனகுவார். அந்த மெட்டுக்கு டெய்ஸ்லி சொற்களை அமைப்பார். பனிப்போர்க் காலத்து அணு ஆயுத அச்சத்தைச் சொல்லும் ‘கிரேசி டிரெயின்’ பாட்டின் சொற்கள் அவருடையவை. பழைய குழுவிடம் ஆஸ்போர்ன் விடைபெறுவதாக ரசிகர் கேட்டு உருகும் ‘குட்பை டு ரொமான்ஸ்’ என்ற பாட்டுக்கும் அவரே சொல் தந்தார். நெஞ்சம் ஒருவருடையது, சொல் மற்றொருவருடையது. மொழிபெயர்ப்பு மேசையில் பணிபுரியும் நம் போன்றோர்க்கு இது புதிய செய்தி அன்று.

‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’ என்பது நால்வரும் சேர்ந்த குழுவின் பெயர் என்றே தாம் எண்ணியிருந்ததாக டெய்ஸ்லி பின்னாளில் கூறினார். தட்டு செப்டம்பரில் வெளிவந்தபோதோ, உறையில் ஆஸ்போர்னின் பெயரே ஓங்கி நின்றது. குழுவின் பெயர் தட்டின் பெயராயிற்று. எனினும் அதில் மற்றவர்களின் பெயர்களும் உரிய இடத்தில் அச்சாகியிருந்தன. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடத்தையும், 1981இல் அமெரிக்காவில் வெளியான பின் அங்கு 21ஆம் இடத்தையும் அது எட்டியது. அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

1981இல் இரண்டாம் இசைத்தட்டின் ஒலிப்பதிவு முடிந்ததும், டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் விலக்கப்பட்டனர். ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ என்ற அத்தட்டின் உறையில், வாசித்த இவ்விருவரின் பெயர்களுக்குப் பதில், பின்னர் பணியில் சேர்ந்த வேறிருவரின் பெயர்கள் அச்சாயின. 1982 மார்ச்சில் ரோட்ஸ் சிறு விமான விபத்தில் 25ஆம் வயதிலேயே மாண்டார். ஊதியத்துக்கும் உரிமைக்கும் மற்ற இருவர் 1998இல் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2003இல் தள்ளுபடி செய்தது.

இதற்கிடையே, 2002இல், இசை வரலாற்றில் அரிதான ஒரு செயல் நிகழ்ந்தது. இவ்விரு தட்டுகளும் மறுபதிப்பாயின. ஆனால் டெய்ஸ்லியின் பேஸ் கிதாரும் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் அழிக்கப்பட்டு, வேறிருவர் புதிதாக வாசித்த ஒலி அங்கே சேர்க்கப்பட்டது. பெயரை நீக்கியது போதாதென்று, கைத்தொழிலையே நீக்கிவிட்டார்கள். நெடுநாள் பழகிய ரசிகர்கள் இதனை ஏற்கவில்லை. பல்லாண்டுகளாகக் காதில் ஊறிய தாளம் மாறினால் செவி அறியாதா? 2011ஆம் ஆண்டு மறுபதிப்பில் பழைய ஒலிப்பதிவே திரும்பி வந்தது.

கெர்ஸ்லேக் முதுமையில் புற்றுநோயால் வருந்தினார். அத்தட்டுகளின் விற்பனைச் சாதனைக்குரிய பிளாட்டினத் தட்டுகள் தம் வீட்டுச் சுவரிலும் தொங்கவேண்டும் என்பதே அவருடைய இறுதி ஆசைகளுள் ஒன்று. ஆஸ்போர்ன் குடும்பத்தாருக்கு அவர் எழுதினார். 2019 ஜனவரியில் அத்தட்டுகள் அவர் கைக்கு வந்தன. 2020 செப்டம்பரில் அவர் காலமானார். ஆஸ்போர்ன், 2025 ஜூலை 5ஆம் நாள் தாம் வளர்ந்த ஆஸ்டனில் கடைசியாகப் பாடிவிட்டு, அதே மாதம் 22ஆம் நாள் மறைந்தார்.

ஆஸ்போர்னின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கம் அன்று. அக்குரல் இல்லாவிடில் அத்தட்டே இல்லை. வீழ்ந்த இடத்திலிருந்து எழுந்து பாடிய துணிவும் அவருடையதே. ஆயினும் நோயாளி ஒருவர் தம் உழைப்புக்குரிய அடையாளத்தைக் கேட்டுப் பெற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதை மறக்க இயலவில்லை. அடுத்தமுறை சபா அழைப்பிதழ் நம் கைக்கு வரும்போது, பெரிய எழுத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்துகளையும் நின்று படிப்போமாக.