ஒரு சாக்கின் வரலாறு

முதல்ல ஒரு அசட்டுத்தனத்தை ஒத்துக்கிறேன். ஆன்சைட்ல டாலஸ் பக்கம் வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்ச புதுசுல, எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்து வாசல்ல "மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங், காலை 5.30"ன்னு ஒரு பலகை பார்த்தேன். எம்.எஸ். படிச்சவங்களுக்கு மட்டும்தான் போலிருக்குன்னு நினைச்சு பேசாம திரும்பி வந்துட்டேன். நாம வெறும் பி.இ. தானே! (சிரிக்காதீங்க மக்கா.)

அப்புறம்தான் தெரிஞ்சது, மாஸ்டர்ஸ்ங்கிறது வயசுக் கணக்காம். உலகப் போட்டிகள்ல 25 வயசு ஆயிட்டாலே நீங்க மாஸ்டர்ஸ். அதாவது 28 வயசுல நான் ஏற்கனவே மூத்தோர் அணி. என்னத்த சொல்ல.

நான் போய்ச் சேர்ந்ததுக்குக் காரணம் முதுகுவலி. டாக்டர் "எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னு சொன்னதைக் கேட்டு, அதுக்கு முன்னாடி மூணு தடவை ஜிம்முக்குப் பணம் கட்டி, மூணு தடவையும் ரெண்டாவது மாசமே நின்னவன் நான். இந்தத் தடவை நிக்கலை. அதுக்குக் காரணம் பக்கத்து லேன் பாட்டி.

அவங்களுக்கு அப்ப 69 வயசு. 2025-ல சிங்கப்பூர்ல நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டிக்குத் தயாராகிட்டு இருந்தாங்க. நம்மாளுங்க சிங்கப்பூர் போனா முஸ்தபா கடை, இந்தம்மா போறது 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்த! அவங்களுக்கு இதுல ஒரு கூடுதல் குஷி வேற. மாஸ்டர்ஸ்ல அஞ்சு அஞ்சு வயசா பிரிவு. அந்த வருஷம் டிசம்பர் 31-ல உங்க வயசு என்னவோ அதுதான் கணக்கு. டிசம்பர்ல 70 ஆகப்போற பாட்டி, ஆகஸ்ட்லயே 70-74 பிரிவுல குட்டிப் பொண்ணு. பிறந்தநாளை இவ்வளவு ஆசையா எதிர்பார்த்த கிழவியை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

தயாரிப்புன்னா சும்மா இல்லைங்க. வாரம் நாலு நாள் காலைல பயிற்சி. குளத்தோரம் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு நோட்டு, அதுல எல்லா டைமும் பென்சில்ல எழுதி வச்சிருப்பாங்க. எங்க குளம் 25 கெஜம். உலகப் போட்டி நடந்ததோ 50 மீட்டர் குளத்துல. இதுல என்ன பெரிய வித்தியாசம்னு நானும் நினைச்சேன். சின்னக் குளத்துல 100 கெஜம் போக மூணு தடவை சுவரைத் தொட்டுத் திரும்பலாம், உதைச்சு எகிறலாம், அதுல ஒரு குட்டி ஓய்வு. பெரிய குளத்துல 100 மீட்டருக்கு ஒரே ஒரு திருப்பம்தான். அதனால சனிக்கிழமை ஆனா ஒரு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய் 50 மீட்டர் குளத்துல பழகுவாங்க. கடைசி ரெண்டு மூணு வாரம் தூரத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும். டேப்பர்னு பேரு. பரிட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தை மூடி வச்சுட்டு நல்லாத் தூங்குறவங்க இருப்பாங்கள்ல, அந்த மாதிரி.

ஒருநாள் கேட்டே விட்டேன். "உடம்புக்காக நீந்தினா போதாதா? எதுக்கு இந்த வயசுல போட்டி?"

"போட்டி இல்லைன்னா பிப்ரவரி மாசக் குளிர்ல காலைல அஞ்சு மணிக்கு நான் எழுந்திருப்பேன்னு நினைக்கிறியா?"ன்னாங்க.

ஏதோ வேடிக்கையா சொல்றாங்கன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு நாள் இதோட வரலாற்றைத் தேடிப் படிச்சா, இந்த விளையாட்டை ஆரம்பிச்சதே அந்த ஒரு காரணத்துக்காகத்தானாம்!

1960-கள் கடைசிக்குப் போவோம். அப்பல்லாம் அமெரிக்காவுல நீச்சல்ங்கிறது காலேஜோட முடிஞ்சு போற சமாச்சாரம். அமெச்சூர் விளையாட்டு, காசு கிடையாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல ஏழு தங்கம், ஏழும் உலக சாதனைன்னு அள்ளின மார்க் ஸ்பிட்ஸ் கூட அதோட ஓய்வு பெற்றார். வயசு 22! (1992 ஒலிம்பிக்ஸுக்காக 41 வயசுல திரும்பி வந்து முயற்சி பண்ணிப் பார்த்தார், தகுதி நேரம் எட்டலை.) அவருக்கே இந்த நிலைமைன்னா மத்தவங்க கதையைக் கேக்கணுமா? வேலை, கல்யாணம், தொப்பை.

அதே நேரத்துல இதயநோய் பயம் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. விமானப்படை டாக்டரா இருந்த கென்னத் கூப்பர் 1968-ல ஏரோபிக்ஸ்னு ஒரு புத்தகம் போட்டார். ஓடு, நீந்து, இதயத்துக்கு வேலை குடுன்னு ஊர் முழுக்கப் பேச்சு. எல்லாம் சரி, ஜனங்க ஆரம்பிப்பாங்க, தொடரணுமே! (என் ஜிம் கதைதான்.)

இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். கேப்டன் ரான்சம் ஆர்தர். சான் டியேகோவில் இருந்த கடற்படை டாக்டர். அவரோட யோசனை ரொம்ப எளிமையானது: வயசானவங்களை நீந்த வைக்கணும்னா அவங்க முன்னாடி ஒரு இலக்கு இருக்கணும், அதனால அவங்களுக்கும் ஒரு போட்டி வை. பழைய வீரர்களுக்கு மட்டுமில்ல, புதுசா கத்துக்கிட்டவங்களுக்கும் சேர்த்துத்தான். அப்போ அமெரிக்க நீச்சல் பயிற்சியாளர் சங்கத்தோட தலைவரா இருந்த ஜான் ஸ்பனூத்துகிட்ட இதைச் சொல்லிச் சம்மதிக்க வச்சார். 1970 மே மாசம், டெக்ஸாஸ் மாநிலம் அமரில்லோவுல முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 46. எங்க ஊர்க் கல்யாணத்துல முதல் பந்திக்கே இதைவிடக் கூட்டம் இருக்கும்.

அந்த 46 பேர்லேர்ந்து வளர்ந்து, 1986-ல டோக்கியோவில் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பே முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டியை நடத்துற அளவுக்கு வந்துடுச்சு. அப்புறம் பிரிஸ்பேன், ரியோ, மான்ட்ரியல், கசாப்ளாங்கான்னு உலகம் சுத்திச்சு. 2021-ல ஜப்பான்ல நடக்க வேண்டியது கொரோனாவால தள்ளித் தள்ளி 2023-ல கியூஷூவில் நடந்தது. 2024-ல தோஹா, 2025-ல சிங்கப்பூர்.

இந்தப் போட்டியோட விதிகளைப் படிச்சா அந்த டாக்டரோட மனசு புரியும். யாரும் நாட்டுக்காக நீந்துறது இல்லை, அவங்கவங்க கிளப் பேர்லதான் பதிவு. பயணம், கட்டணம் எல்லாம் சொந்தக் காசு. உலகப் போட்டிக்குத் தகுதி நேரம் உண்டு, ஆனா அது வயசுக்குத் தகுந்த மாதிரி மாறும். ஹீட்ஸ், அரையிறுதின்னு பலமுறை நீந்த வேண்டாம். ஒரே தடவை நீந்தணும், அந்த நேரம்தான் முடிவு. மேடையிலேர்ந்து குதிக்க முடியலையா? தண்ணிக்குள்ள நின்னு சுவரை உதைச்சே கிளம்பலாம். பட்டர்ஃப்ளைல டால்ஃபின் மாதிரி உதைக்க இடுப்பு ஒத்துழைக்கலையா? பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை போதும். முட்டி, இடுப்பு, தோள்பட்டைன்னு ஒவ்வொண்ணையும் மனசுல வச்சு எழுதின விதிகள்.

இந்த யோசனை எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். ஜப்பான்ல யமகுச்சி பகுதியைச் சேர்ந்த மியேகோ நகாவோக்கா. 1914-ல பிறந்தவங்க. எண்பது வயசு வாக்குல முட்டி வலிக்கு வைத்தியமா தண்ணியில இறங்கினாங்க. 2002-ல நியூசிலாந்து மாஸ்டர்ஸ் போட்டியில பேக்ஸ்ட்ரோக்ல வெண்கலம். 2004-ல இத்தாலியில மூணு வெள்ளி. 2015 ஏப்ரல்ல மட்சுயாமாவுல ஒரு 25 மீட்டர் குளத்துல 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தி முடிச்சாங்க. அப்போ வயசு 100! ஃப்ரீஸ்டைல்னா எந்த ஸ்டைல்ல வேணா நீந்தலாம், அதனால 60 தடவை குளத்தை மல்லாக்கவே கடந்தாங்க. ஒரு மணி 15 நிமிஷம் 54.39 விநாடி. 1500 மீட்டரை முழுசா முடிச்ச முதல் நூறு வயசுக்காரர் அவங்கதான். அந்தப் பிரிவுல கூட நீந்த ஆளே இல்லை. 2023-ல 108 வயசுல காலமானாங்க.

இதை நான் எங்க அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா சின்ன வயசுல கிணத்துல டைவ் அடிச்சு ஊரையே மிரட்டினவராம். ரிட்டயர் ஆன இந்த ரெண்டு வருஷமா சோபா, டிவி, முட்டி வலித் தைலம். வாக்கிங் போங்கன்னு சொன்னா "இனிமே என்னடா"ம்பார். அந்த "இனிமே என்னடா"வைக் கேட்டா எனக்கு அடிவயித்துல ஏதோ பண்ணும். அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு என்னால என்ன பண்ண முடியும்?

நகாவோக்கா கதையைக் கேட்டுட்டு, "முட்டி வலிக்கா இறங்கினாங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

கேப்டன் ஆர்தர் மருந்தை அங்கயே குடுத்துட்டேன். "பொங்கலுக்கு வர்றேன்பா. நம்ம ஊரு குளத்துல நீங்களும் நானும் 50 மீட்டர் போட்டி"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எந்தத் தேதி வர்றே?"ன்னார்.

பாட்டி சிங்கப்பூர் போயிட்டு வந்தாச்சு. பதக்கம் கிடைக்கலை. வந்த மறுவாரமே நோட்டுல அடுத்த போட்டியோட தேதியைப் பெருசா எழுதிட்டாங்க. அப்பா இப்போ காலைல ஆறு மணிக்கெல்லாம் குளத்துக்குக் கிளம்பிடுறாராம், வரும்போதே பசி பசின்னு இட்லிக்கு அவசரப்படுத்துறாராம். அம்மாதான் சிரிச்சுக்கிட்டே புகார் சொன்னாங்க.

நாளைக்கும் 5.30-க்கு எனக்குக் குளம் இருக்கு. போயே ஆகணும். தோத்துட்டா ஊர்ல தலை காட்ட முடியாது :-)