கெல்லி துரையின் மாளிகையும் கட்டிய கைகளும்

ஈப்போவுக்குத் தெற்கே பத்துகாஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தச் செங்கல் மாளிகையைத் தெரியாமல் இருக்காது. முன்னால் ராயா ஆறு. ஆற்றைக் கடந்தால் சிறு குன்று. குன்றின்மேல் கெல்லிஸ் காசல். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், படம் எடுக்கிறோம், பேய்க்கதையும் சுரங்கப்பாதைக் கதையும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். அந்தச் செங்கல்லை அடுக்கியது யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

வில்லியம் கெல்லி ஸ்மித், 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். அல்மா பேக்கர் என்பவரோடு சேர்ந்து காடு திருத்தும் வேலையில் பொருள் ஈட்டி, கிந்தாவில் சுமார் 1,000 ஏக்கர் காட்டை வாங்கினார். தம் சொந்த ஊரான கெல்லாசின் பெயரையே தோட்டத்துக்கும் சூட்டி, கிந்தா கெல்லாஸ் என்றார்.

ரப்பர் நம் மண்ணின் மரம் அல்ல. 1877இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பேராக்கின் பெருங்காடுகள் சாய்ந்து, வரிசை பிடித்த பால்மரங்கள் வந்தன. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று கங்காணிகள் கடல் தாண்டி நம் முன்னோர்களின் கிராமங்களுக்குப் போனார்கள்.

அந்தப் பணத்தில்தான் துரை வீடு கட்டினார். 1909-1910 வாக்கில் ஒரு பங்களா எழுந்தது. 1915இல் மகன் பிறந்ததும் அது போதாது என்று தோன்றிவிட்டது. ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் மின்தூக்கி, மேலே விருந்துக்கு மொட்டைமாடி என்று கனவு விரிந்தது. சென்னை மாகாணத்திலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்று சொல்லப்படுகிறது. அங்கேயுள்ள வளைவுகளைப் பாருங்கள், ஸ்காட்லாந்துக் கோட்டையின் சாயலா அது? சென்னையின் பழைய அரசாங்கக் கட்டடங்களில் பார்க்கும் வளைவுகளின் உறவுதான்.

1918இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. கெல்லாசிலும் தொழிலாளர்கள் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தள்ளி அந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அது கெல்லி ஸ்மித்தான் என்கிறார்கள். விசுவாசம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி மட்டும் படவில்லை. துரை தமக்கென்று எழுப்பிய மாளிகை பாதியில் நின்றுவிட்டது. தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய கோயில் முடிந்து, விளக்கும் எரிந்தது.

1926இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு துரை இறந்தார். மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அன்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார். மின்தூக்கி வரவே இல்லை.

பிறகு காடு வந்தது, யாரும் கூப்பிடாமலே. கொடிகள் சன்னல் வழியே ஏறின, வேர்கள் பழைய பங்களாவின் செங்கல்லைக் கவ்வின. பல ஆண்டுகள் கழித்துப் புதர் வெட்டி, சுற்றுலாத் தலமாக்கினார்கள். 1999இல் வெளிவந்த 'அன்னா அண்ட் தி கிங்' என்ற ஆங்கிலப் படத்திலும் இந்த மாளிகை தலைகாட்டியது.

பேராக்கில் பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் தாமான் வீடுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் செம்பனைக்கு மாறியபோதும் லயங்கள் காலியாகி, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினார்கள். மரம் மாறினால் மண் அங்கேயேதான் இருக்கும். ஆனால், ஆள் போய்விட்டால் அவர் தலைக்குள் இருந்த ஊர்ப்பெயரும் கூடவே போய்விடும்.

பேராக்கின் பழைய தோட்டங்களில் பிறந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த டிவிஷனில் மரம் வெட்டினார், எந்தத் துரை காலத்தில் என்று இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பெட்டிக்கடியில் பழைய சிவப்பு அடையாள அட்டையோ, சம்பளச் சீட்டோ, கோயில் ரசீதோ கிடைத்தால், வீடு மாறும்போது குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள்.