மொய் ஏடும் பொது நிதியும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. தேர் இழுக்க ஊர் கூடியது உண்மை. ஏர் நின்றபோது ஊர் கூடிற்றா? தறி நின்றபோது கூடிற்றா? அடுப்பில் பூனை உறங்கிய வீட்டின் முன் கூடிற்றா? இந்தக் கேள்விகளை எழுப்புவோரை நாத்திகர் என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. விடை தேடுவதுதான் கடினம்.

நம் வரலாற்று நூல்கள் இத்தகைய கேள்விகளுக்கு இடம் தருவதில்லை. 1751ஆம் ஆண்டில் ஆரணிக்கருகே கிளைவ் போரிட்டு வென்றதை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். 1782இல் ஐதர் அலியின் படை அதே ஆரணியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றதையும் ஒப்பிக்கின்றனர். அந்த ஆரணியின் நெசவாளர் தெருக்கள் அடைமழைக் காலத்தில் எதை உண்டன, எவரிடம் கடன் வாங்கின என்பதை எந்தப் பாடமும் சொல்வதில்லை. மன்னர் வாள் ஏந்திய நாள் வரலாறு. மக்கள் மடி ஏந்திய நாள் வரலாறு அன்று! இந்த வழக்கத்தை மாற்றி, மக்கள் கூடிப் பொருள் திரட்டிய கதையை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் நம் முன்னோர். விதைக்கக் கையில் பொருள் வேண்டும். ஆனால் பழைய விளைச்சல் தீர்ந்து, புது விளைச்சல் வராத மாதமும் அதுதான். குதிர் காலியாகும் அந்தக் காலத்தில்தான் பழைய வடார்க்காட்டு ஊர்களில் கூழ் வார்க்கும் விழா நடக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி தண்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு திரட்டுகிறார்கள். பெரிய பானைகளில் காய்ச்சி ஊருக்கே ஊற்றுகிறார்கள். அம்மன் கேட்டாள், அதனால் வார்க்கிறோம் என்பது அவர்கள் கூற்று. அம்மன் குடித்ததைக் கண்டவர் எவரும் இலர். குடித்தவர்கள் பசித்த மக்கள்! இரந்து நிற்கும் இழிவின்றி ஏழையும் வயிறு நிறைய, பஞ்ச மாதத்திற்கென ஊர் கண்டுபிடித்த ஏற்பாடே பின்னாளில் பக்திப் போர்வை போர்த்துக்கொண்டது என நாம் கருதுகிறோம். இன்று போர்வை பெருத்துவிட்டது, பானை சிறுத்துவிட்டது. தண்டிய வரியில் பெரும் பங்கு ஒலிபெருக்கிக்கும் ஒளிவிளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் போய்ச் சேர்கிறது.

இதே ஆடி மாதத்தில், தெற்கே புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் வேறொரு கூட்டம் கூடுகிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரங்களில் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். திருமணத்திற்கு ஆடி ஆகாது என்று அஞ்சும் அதே மக்கள், இலட்சக்கணக்கில் பணம் புழங்கும் விருந்துக்கு ஆடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாளும் கோளும் அங்கே வாய் மூடிக்கொள்கின்றன. சாகுபடிக்குப் பணம் தேவைப்படும் காலம் எதுவோ அதுவே நல்ல காலம் என்று மக்களின் தேவை தீர்ப்பளித்துவிட்டது. பகுத்தறிவு மேடையில் மட்டும் வாழ்வதில்லை; வயிற்றின் கட்டளையிலும் வாழ்கிறது.

அந்த விருந்து நடக்கும் முறையை அறிந்துகொள்வது நன்று. பணம் தேவைப்படும் குடும்பம் அழைப்பிதழ் அச்சிட்டு உறவினருக்கும் ஊராருக்கும் அனுப்பும். தனியாகச் செலவு செய்ய முடியாதோர் பலர் ஒன்று சேர்ந்து ஒரே பந்தலில், ஒரே சமையலில் விருந்து வைப்பதுமுண்டு. ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும் பரிமாறப்படும். உண்டு எழுந்தவர் மொய் எழுதும் மேசைக்குச் செல்வார். அங்கே ஏடு விரிந்திருக்கும். பெயர், ஊர், தொகை மூன்றும் பதிவாகும். அண்மைக் காலத்தில் பணம் எண்ணும் பொறிகளும் வங்கி ஊழியர்களும்கூட அப்பந்தல்களில் காணப்பட்டதுண்டு. சில விருந்துகளில் திரண்ட தொகை கோடியைத் தாண்டியது. ஒரு குடும்பம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு முறையே இவ்வாறு விருந்து வைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில், தனக்கு மொய் செய்தவர் விருந்து வைக்கும்போதெல்லாம் சென்று, வாங்கிய பழைய மொய்யோடு புது மொய்யும் சேர்த்து எழுத வேண்டும்.

மொய் என்னும் சொல்லுக்குத் திரள், கூட்டம் என்னும் பொருள்கள் உண்டு. வண்டு மொய்த்தது என்கிறோம் அன்றோ! பலர் கூடுவதே பொருளாக மாறுகிறது என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. காதுகுத்து, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் எழுதப்பட்ட மொய்யே, வீட்டில் நிகழ்ச்சி ஏதும் இல்லாதவருக்கும் பணத்தேவை உண்டு என்பதால் தனி விருந்தாக வளர்ந்தது. கொங்கு நாட்டில் இலைக்கடியில் பணம் வைத்துச் செல்லும் மொய் விருந்தை 1992இல் வந்த ‘சின்னக் கவுண்டர்’ திரைப்படம் நாடறியச் செய்தது. நகை அடகு இல்லை, பத்திரம் இல்லை, கந்து வட்டிக்காரனின் அதட்டல் இல்லை. ஊரின் நம்பிக்கை ஒன்றே ஈடு! கிணறு வெட்டியவர், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர், கடை திறந்தவர் என இம்முறையால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம்.

இவ்வழக்கம் நமக்கு மட்டுமே உரியது என்று மார்தட்ட வேண்டாம். மனிதன் எங்கெல்லாம் பசித்தானோ அங்கெல்லாம் கூடினான். வட அமெரிக்காவின் பழங்குடிகளுள் ஒன்றாகிய செரோக்கி மக்களைப் பாருங்கள். முதியவர், நோயாளி, கைம்பெண் ஆகியோரின் நிலத்தில் ஊரார் திரண்டு உழைத்துக் கொடுக்கும் முறை அவர்களிடம் உண்டு. ‘கடூகி’ என்பது அதன் பெயர். கோடையின் இறுதியில் புதுச்சோளம் முற்றும்போது அவர்கள் விழா எடுத்தனர். பழைய நெருப்பை அணைத்துப் புது நெருப்பு மூட்டினர். கொலை நீங்கலாக மற்றப் பிழைகளை அவ்விழாவில் மன்னித்தனர். அமெரிக்க அரசு 1830இல் ஒரு சட்டம் இயற்றி, 1838-39இல் அம்மக்களைத் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தியது. வழியில் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று கணக்கிடுவர். எஞ்சியோர் அழிந்து போயினரா? இல்லை! 1839 செப்டம்பரில் தாலெக்குவாவில் கூடித் தங்கள் அரசியல் சட்டத்தை வகுத்தனர். அந்நாளைப் போற்றும் ஆண்டு விழாவை 1953ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகின்றனர். அங்குள்ள சிற்றூர்களில் இன்றும் இறைச்சி பொரித்து விருந்து வைத்து, வரும் பணத்தை ஊர்த்தேவைக்கும் துயருற்ற குடும்பத்திற்கும் அளிக்கும் வழக்கம் உண்டு. ஓக்லகோமாவின் சோளக் கொல்லைக்கும் பேராவூரணியின் தென்னந்தோப்புக்கும் இடையே கடல்கள் பல. விருந்தின் கருத்து ஒன்றே!

கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடியினர் நடத்திய கொடை விருந்தை வெள்ளை அரசு 1884இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அத்தடை 1951இல்தான் நீங்கியது. மக்கள் கூடுவதையும் கொடுப்பதையும் கண்டு ஆதிக்கக்காரன் அஞ்சுகிறான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு, கொடையைப் பற்றி 1925இல் வெளிவந்த தம் ஆய்வில் மூன்று கடமைகளைச் சுட்டினார்: கொடுத்தாக வேண்டும், பெற்றாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும். நம் மொய் ஏட்டின் இலக்கணமும் இதுவே.

இனி ஆரணிக்குத் திரும்புவோம். கமண்டல நாகநதிக் கரையில் பட்டு நெய்யும் இந்நகரில் நெசவாளியின் நாட்காட்டி மழையால் எழுதப்பட்டது. தெருவில் பாவை நீளக் கட்டி, கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வெயிலைப் பறித்துக்கொள்ளும். குழித்தறியில் நீர் ஊறும். கால் வைக்கும் பள்ளம் குட்டையாகும். தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் அடுப்பு நிற்கும். அப்போது நெசவாளி எங்கே போவான்? நூலும் சரிகையும் தந்து நெய்ய வைக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்குவான். முன்பணம் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கூலி குறைவென்று வாய் திறக்கவும் முடியாது. காஞ்சி, ஆரணி வட்டாரங்களில் சிறுவர் சிறுமியரே அந்தப் பணத்திற்கு ஈடாகத் தறியில் அமர்த்தப்பட்ட கொடுமை சென்ற நூற்றாண்டின் இறுதிவரை தொடர்ந்தது. கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்தது, பள்ளி மணியும் அடித்தது, பிள்ளையின் கையிலோ பலகைக்கு மாறாகப் பட்டு நூல்! மழைக்காலத்தின் சில நூறு ரூபாய் ஒரு குழந்தையின் எழுத்தறிவை விலைக்கு வாங்கிவிட்டது.

இந்தச் சுருக்குக் கயிற்றை அறுக்கப் பொது நிதி தேவை என்பதை உணர்ந்தோர் முன்பே இருந்தனர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத் திரூரில் கிராமக் கூட்டுறவுச் சங்கமும், பெரிய காஞ்சியில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் பிறந்தது. ஆயினும் 1952-53இல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தது. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டி நாடின. அந்நேரத்தில் நெசவு நகராம் காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். கழகத் தோழர்களும் ஊர் ஊராக விற்றனர். ஆலைத்துணி மீது கூடுதல் வரி விதித்துக் கைத்தறிக்கு நிதி சேர்க்கும் மத்தியச் சட்டமும் அதே 1953இல் வந்தது. செரோக்கி மக்கள் தங்கள் ஆண்டு விழாவைத் தொடங்கிய அதே ஆண்டில், தமிழகத்தின் தெருக்களிலும் துயருற்றோருக்காக மக்கள் கூடினர். அந்தத் துணியை வாங்கியவர் எந்தச் சாதி என்று விற்றவர் கேட்கவில்லை. நெய்தவர் எந்தச் சாதி என்று வாங்கியவரும் கேட்கவில்லை. மொய் ஏட்டுக்கும் பொது நிதிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மொய்யின் குறைகளை மறைப்பது நட்புமன்று, ஆராய்ச்சியுமன்று. மொய் திரும்பி வர வேண்டிய பணம். கொடுக்கும் வல்லமை உள்ளவனுக்கே மீண்டும் கிடைக்கும்; ஒன்றுமே இல்லாதவனுக்கு ஏட்டில் இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது இது வெளிச்சமாயிற்று. எழுதிய மொய்யைத் திருப்ப வழியின்றி எழுதியவர் தவித்தனர்; வர வேண்டியது வராமல் விருந்து வைத்தவர் கலங்கினர். எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் இடி விழுந்தால், ஒருவரை ஒருவர் தாங்கும் ஏற்பாடு ஒரேயடியாகச் சாய்கிறது. செரோக்கியரின் புதுச்சோள விழா பிழையை மன்னித்தது. நம் மொய் ஏடு மன்னிப்பதில்லை. மொய் திரும்பவில்லை என்றால் உறவே முறிகிறது.

இன்னொன்று, ஏட்டின் எல்லை பெரும்பாலும் சாதியின் எல்லை, சொந்தத்தின் எல்லை. ஏட்டில் ஏறும் பெயர் பெரும்பாலும் ஆணின் பெயர். சமைத்தவள், மாவரைத்தவள், நகையை விற்று மொய்ப்பணம் தந்தவள் பெயர் எங்கே? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அச்சொத்துரிமை தமிழகத்தில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. அந்த 1989ஆம் ஆண்டிலேயே தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கணக்கேடு பெண்ணின் கைக்கு வந்தது; அதில் அவள் பெயரே முதலில் எழுதப்பட்டது. பழைய மொய் ஏடு அந்தக் கணக்கேட்டிடம் பாடம் படிக்க வேண்டும்.

படிக்கத் தொடங்கியும் விட்டது என்பதே நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. 2024 சூலை இறுதியில் கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோது, திண்டுக்கல்லில் ஓர் உணவகமும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க் கடையும் மொய் விருந்து நடத்தி நிதி திரட்டின. அந்தப் பணம் கொடுத்தவருக்குத் திரும்பி வரப்போவதில்லை. பெறுபவரின் மொழி வேறு, முகம் தெரியாது, மதம் தெரியாது. பழைய பந்தல்தான், பழைய விருந்துதான், பழைய பெயர்தான். உள்ளே குடிபுகுந்தது புதிய அறம்!

இளந்தோழர்களே! நம் தெருவில் ஆடிக்கு வரி தண்டுவோர் வரத்தான் போகிறார்கள். அவர்களோடு சண்டையிட்டு வெல்வதைவிட, மாற்று ஏடு ஒன்றைத் திறந்து வெல்வது உறுதியான வழி. தலைக்கட்டுக்கு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று பெண்ணின் பெயரும் ஆணின் பெயரும் எழுதுங்கள். சாதிப் பெயரை எழுதாதீர்கள். ஆடியில் திரட்டி ஐப்பசிக்குச் சேமியுங்கள். தறிக்குழியில் நீர் ஊறும் நாளில் அந்த நிதி நெசவாளி வீட்டுக் கதவைத் தட்டட்டும். வரவு செலவை மாதந்தோறும் தெருமுனைப் படிப்பகத்தின் சுவரில் ஒட்டுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, அங்கே நெசவாளியின் குரல் கேட்கச் செய்யுங்கள். அரசிடம் மழைக்கால உதவியை உரிமையாகக் கேளுங்கள்.

கடனாகக் கிடைக்கும் உதவி மனிதனைக் கட்டிப் போடும். உரிமையாகக் கிடைக்கும் உதவியே அவனை நிமிர்த்தும். கூழ்ப்பானையைச் சுற்றிக் கூடத் தெரிந்த ஊர், மொய் மேசையைச் சுற்றிக் கூடத் தெரிந்த ஊர், பொது நிதியைச் சுற்றிக் கூடக் கற்றுக்கொள்ளாதா? கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தின் முதல் எழுத்தை எழுதும் கை இளைஞனின் கையாக இருக்கட்டும். அடுத்த அடைமழையில் ஆரணியின் ஒரு பிள்ளையேனும் முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டு நிற்காமல் காப்போமானால், கிளைவின் வெற்றியைவிட அதுவே இந்நகரின் வரலாற்றில் எழுதத்தக்க வெற்றியாகும்.