கட்டுமானத் தளங்களில் இடர் காணல்

கட்டுமானத் தளங்களில் இடர் காணல் என்பது, கட்டடம், பாலம், சுரங்கப்பாதை போன்றவை அமைக்கப்படும் இடங்களில் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவற்றை, அவை விபத்தாக மாறும் முன்னரே கண்டறியும் திறன் ஆகும். இங்கு இடர் என்பது தீங்கின் மூலத்தைக் குறிக்கும். அத்தீங்கு நிகழும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்து இடர்வாய்ப்பு எனப்படும். எடுத்துக்காட்டாக, மேல்தளத்தில் மூடப்படாத துளை ஓர் இடர். அதன் அருகே எத்தனை பேர் நடமாடுகின்றனர், கீழே எவ்வளவு ஆழம் என்பவை இடர்வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன.

கட்டுமானத் தளம் தொழிற்சாலையைப் போல நிலையானது அன்று. நேற்று இருந்த தடுப்புக் கம்பி இன்று கழற்றப்பட்டிருக்கலாம். இரவில் பெய்த மழை குழியின் பக்கச் சுவரைத் தளர்த்தியிருக்கலாம். எனவே இடர்களின் பட்டியலை ஒருமுறை மனப்பாடம் செய்வது போதாது.

முதன்மை இடர்கள்

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிருவாகம் (ஓஷா) தனது கட்டுமானப் பயிற்சிகளில் நான்கு இடர்களை வலியுறுத்துகிறது. அவையாவன:

* உயரத்திலிருந்து விழுதல்
* பொருள்களோ வண்டிகளோ மோதுதல்
* இயந்திரங்களுக்கு இடையிலோ சரிந்த மண்ணிலோ அகப்படுதல்
* மின்தாக்கு

இடர்களை ஆற்றலின் வகையைக் கொண்டு தேடுவது மற்றொரு முறையாகும். ஈர்ப்பு, இயக்கம், மின்சாரம், அழுத்தம், வெப்பம், வேதிப்பொருள் என ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது தளத்தில் எங்கே உள்ளது என வினவப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடர்களையும் இம்முறை வெளிக்கொணர்கிறது. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை கொண்டது என்பதை அறிந்தவருக்கு, ஆளுயரக் குழியும் ஆபத்தானதாகத் தெரியும்.

கற்கும் முறைகள்

சப்பானில் 1970களில் உருவான கிகென் யோச்சி (இடரை முன்னறிதல்) பயிற்சி பரவலாக அறியப்பட்டது. சிறு குழுவினர் ஒரு பணிக்காட்சியின் படத்தைப் பார்த்து நான்கு படிகளில் உரையாடுவர்: மறைந்துள்ள இடர்கள் யாவை, அவற்றுள் மிக முக்கியமானது எது, அதற்கு என்ன செய்யலாம், குழுவாக இன்று எதைக் கடைப்பிடிப்பது. விடையைப் பயிற்றுநர் கூறுவதில்லை, பணியாளர்களே கண்டறிகின்றனர்.

பணி தொடங்கும் முன் நடத்தப்படும் குறுங்கூட்டம், அனுபவமுள்ளவருடன் தளத்தைச் சுற்றிவருதல், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பகிர்தல், மெய்நிகர் காட்சிப் பயிற்சி ஆகியனவும் பயன்படுகின்றன. பயிற்சி தாய்மொழியில் அமைவது இன்றியமையாதது. சிங்கப்பூரில் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளருக்கான பாதுகாப்பு வகுப்புகள் தமிழிலும் நடத்தப்படுகின்றன.

காணத் தவறுவதற்கான காரணங்கள்

நாள்தோறும் பார்க்கும் இடர் காலப்போக்கில் கண்ணில் படாமல் போகிறது. கைவேலையில் கவனம் குவிந்திருக்கும்போது தலைக்குமேல் செல்லும் பாரந்தூக்கியின் சுமை தெரிவதில்லை. முன்னர் விபத்து நேராததால் இனியும் நேராது என்ற எண்ணமும் ஏற்படுகிறது. சில வேளைகளில் இடர் கண்ணில் பட்டும், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் அது கூறப்படுவதில்லை.

நிக்கல் நெடுஞ்சாலை விபத்து

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப் பாதைத் தொடருந்துச் சுரங்கத்திற்காக ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்ட பகுதி இடிந்து, நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் சரிந்தது. நால்வர் உயிரிழந்தனர். தற்காலிகத் தாங்கு சுவரைத் தாங்கிய எஃகு முட்டுகளின் இணைப்புகள் போதிய வலுவின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதை அளவீடுகள் முன்னரே காட்டின. ஆயினும் அவை உரிய எச்சரிக்கையாகக் கொள்ளப்படவில்லை. இவ்விபத்திற்குப் பின்னர் அந்நாட்டில் 2006 இல் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் இயற்றப்பட்டது.

அறிவும் அதிகாரமும்

அமெரிக்க விதிகளின்படி, பாதுகாப்பற்ற நிலைகளை இனங்காணத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கற்பிப்பது வேலை தருபவரின் கடமையாகும். தொழிலாளர் இறங்கும் குழிகளை நாள்தோறும் பணிக்கு முன்னரும், மழைக்குப் பின்னரும் தகுதியுள்ள ஒருவர் ஆய்வு செய்ய வேண்டும். இடரை அறியும் திறனோடு, அதை உடனே களையும் அதிகாரமும் உடையவரையே அவ்விதிகள் தகுதியுள்ளவர் என வரையறுக்கின்றன. பணியை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவரிடம் இடரை அறியும் திறன் மட்டும் இருப்பது விபத்தைத் தடுக்கப் போதுமானதன்று.