டர்னர் கூட்டறிகுறி

டர்னர் கூட்டறிகுறி என்பது பெண்களில் இரண்டு எக்ஸ் நிறப்புரிகளுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதால் ஏற்படும் மரபியல் குறைபாடு ஆகும். அமெரிக்க மருத்துவர் என்றி டர்னர் 1938 இல் இதனை விவரித்தார். பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

உடல்நலச் சிக்கல்கள்

குறைந்த உயரமும் சூலகச் செயலிழப்பும் பொதுவானவை. இதனால் பலர் இயல்பாகப் பூப்படைவதில்லை. பெருந்தமனிக் குறுக்கம், மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்களே கொண்ட பெருந்தமனி வால்வு ஆகிய இதயக் குறைபாடுகள் பிறப்பிலேயே அமையலாம். பெருந்தமனி அறிகுறியின்றி விரிவடைந்து கிழிந்தால் உயிரிழப்பு நேரலாம். எனவே வாழ்நாள் முழுவதும் இதயப் பரிசோதனை தேவை. குதிரைலாட வடிவச் சிறுநீரகம், நடுச்செவி அழற்சி, கேட்டல் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, எலும்பு நலிவு ஆகியனவும் ஏற்படக்கூடும்.

மருத்துவம்

வளர்ச்சி ஹார்மோன் உயரத்தைக் கூட்டவும், ஈஸ்ட்ரோஜன் பூப்பு மாற்றங்களுக்கும் எலும்பு வலிமைக்கும் அளிக்கப்படுகின்றன. பெரும்பாலோரின் நுண்ணறிவு இயல்பானதே.